பல வேலை செய்த பாடகர்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று ஒரு பழமொழி உண்டு. தச்சன் காட்டுக்குப் போகிறான். இந்த மரமா, அந்த மரமா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறான். பொழுது சாய்ந்துவிடுகிறது. வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். பல வேலைகளில் கை வைப்பவரைப் பார்த்து இந்தப் பழமொழியைச் சொல்வது வழக்கம்.

பூபேன் ஹசாரிகா ஒரு பாடகர். பாட்டு எழுதியவர். மெட்டுப் போட்டவர். சினிமா எடுத்தவர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். பத்திரிகை ஆசிரியர். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். இத்தனை மரங்களைப் பார்த்த தச்சன் ஒரு மரத்தையாவது வெட்டினாரா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

ஆற்றங்கரைப் பிள்ளை

நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் அசாம் மாநிலம் இருக்கிறது. தேயிலை என்றால் நமக்கு நீலகிரி நினைவுக்கு வரும். ஆனால் நாட்டிலேயே அதிகமாகத் தேயிலை விளைவது அசாமில்தான். அந்த மாநிலத்தின் நடுவே பிரம்மபுத்திரா ஓடுகிறது. அது திபெத்திலிருந்து வரும் பெரிய ஆறு. சில இடங்களில் ஒரு கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. மழைக்காலத்தில் வெள்ளம் வரும். வயல் போகும். வீடு போகும். சில நேரம் ஊரே போய்விடும். ஆனாலும் அந்த ஆறுதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. நாம் காவிரியைத் தாய் என்கிறோம். அவர்களுக்குப் பிரம்மபுத்திரா ஆண். 'பிரம்மனின் மகன்' என்பது அதன் பெயரின் பொருள். 'லூயித்' என்பது அவர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர். 'கிழவர் லூயித்' என்றும் செல்லமாகச் சொல்வார்கள்.

அந்த ஆற்றுப் பகுதியில், அசாமின் கிழக்குக் கோடியில், சதியா என்னும் ஊரில் 1926 செப்டம்பர் 8 அன்று பூபேன் பிறந்தார். வீட்டில் 10 பிள்ளைகள். இவர்தான் மூத்தவர். தந்தை பிழைப்புக்காக ஊர் ஊராக மாறினார். கவுகாத்தி, துப்ரி, தேஜ்பூர் என்று குடும்பமும் கூடவே மாறியது. ஓர் ஊரில் நிலைக்காத வாழ்க்கை இவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழகிவிட்டது.

பாட்டு தாயிடமிருந்து வந்தது. தாய் சாந்திப்பிரியா 'போர்கீத்' பாடுவார். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சங்கரதேவர் என்ற மகானும் அவருடைய சீடர் மாதவதேவரும் இயற்றிய பக்திப் பாடல்கள் அவை. சங்கரதேவர் பாட்டு மட்டும் எழுதவில்லை. நாடகம் எழுதினார். அதற்கு ஆட்டமும் இசையும் அமைத்தார். ஒருவரே பல கலைகள் செய்வது அசாம் மக்களுக்குப் புதிய செய்தி அல்ல.

இரண்டு ஆசான்கள்

தேஜ்பூரில் ஒரு விழா. பூபேனுக்கு 9 அல்லது 10 வயது. தாய் சொல்லித் தந்த ஒரு போர்கீத்தை மேடையில் பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர் ஜோதிபிரசாத் அகர்வாலாவும் விஷ்ணுபிரசாத் ராபாவும். பையனை அவர்கள் விடவில்லை. 1936-ல் கல்கத்தாவுக்கு அழைத்துப் போய் இசைத்தட்டில் பாட வைத்தார்கள். 1939-ல் 'இந்திரமாலதி' என்ற படத்திலும் ஜோதிபிரசாத் அவரைப் பாட வைத்தார்.

இந்த இருவரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜோதிபிரசாத் தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. நாடகம் எழுதினார். பாட்டு எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். 1935-ல் வந்த முதல் அசாமியப் படம் 'ஜெய்மதி' இவர் எடுத்தது. தங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே கொட்டகை போட்டுப் படம் பிடித்தார். போட்ட பணம் திரும்பவில்லை. ஆனாலும் அடுத்த படத்தை எடுத்தார். விஷ்ணுபிரசாத் பாடுவார், ஆடுவார், படம் வரைவார், நடிப்பார். ஏழை உழவர்களுக்காகப் போராடித் தலைமறைவாகவும் வாழ்ந்தார்.

இவர்கள் கையில் வளர்ந்த பையனிடம் போய், "தம்பி, ஏதாவது ஒன்றை மட்டும் செய்" என்று சொன்னால் அவனுக்கு விளங்குமா?

பதின்மூன்று, பதினான்கு வயதில் பூபேன் தானே ஒரு பாட்டு எழுதினார். தன்னை ஒரு தீப்பொறி என்று அதில் சொல்லிக்கொண்டார். புதிய அசாமைக் கட்டப்போவதாகப் பாடினார். சின்னப் பையனின் வீறாப்பு என்று பெரியவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு இன்றும் அசாமில் பாடப்படுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எப்படிப் பாடம் சொல்வது?

பாட்டு இருந்தது. படிப்பையும் அவர் விடவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார். 1946-ல் அரசியல் பாடத்தில் எம்.ஏ. முடித்தார். சிறிது காலம் கவுகாத்தி வானொலி நிலையத்தில் வேலை செய்தார். பிறகு உதவித்தொகை கிடைத்து 1949-ல் அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் எதைப் பற்றி ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? இசையைப் பற்றி அல்ல. முதியோர் கல்வியைப் பற்றி! இந்தியாவில் எழுத்தறியாத பெரியவர்களுக்குச் சினிமா, வானொலி, படங்கள் போன்ற கேட்கும் சாதனங்களையும் பார்க்கும் சாதனங்களையும் கொண்டு எப்படிக் கல்வி கொடுக்கலாம் என்பதுதான் அவர் எடுத்த பொருள். 1952-ல் அதற்கு டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1951 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்ற 82 பேர்? அவர்களுக்குப் புத்தகம் பயன்படாது. ஆனால் காது இருக்கிறது. கண் இருக்கிறது. விடுதலை பெற்ற நாட்டின் செய்தி அவர்களிடம் போக வேண்டும் என்றால் பாட்டாகப் போக வேண்டும். படமாகப் போக வேண்டும். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ல்தான் தொடங்கியது. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இளம் பாடகர் இதற்காக உட்கார்ந்து ஆராய்ச்சி எழுதியிருக்கிறார். அறிவொளி மையத்தில் பாட்டும் வீதி நாடகமும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

இந்த ஆராய்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய பிற்கால வேலைகளைப் பாருங்கள். பாட்டு, சினிமா, பத்திரிகை, மேடை என்று வேறு வேறாகத் தெரிபவை எல்லாம், அந்த ஒரு கேள்விக்கு அவர் கொடுத்த பல பதில்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்த நியூயார்க் நாட்கள் இலேசானவை அல்ல. 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மலைகள் சரிந்தன. ஆறுகள் தடம் மாறின. அவர் பிறந்த பழைய சதியா ஊரை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஆண்டு, 1951 ஜனவரியில், ஆசான் ஜோதிபிரசாத் காலமானார். வயது 47தான். இந்த இரண்டு இழப்புகளின்போதும் அவர் அயல்நாட்டில் இருந்தார்.

கறுப்பின மக்களின் பாடகர்

நியூயார்க்கில் அவருக்கு இன்னொரு ஆசான் கிடைத்தார். அவர் பெயர் பால் ராப்சன். அமெரிக்கக் கறுப்பினத்தவர். ராப்சனின் தந்தை அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். மகன் கால்பந்து வீரர் ஆனார். அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1923-ல் சட்டப் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் வேலையில் நிறவெறியைக் கண்டு அதை விட்டார். நாடக நடிகர் ஆனார். சினிமாவில் நடித்தார். பெரும் பாடகர் ஆனார். பல நாட்டு மொழிகளில் பாடினார். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் பேசினார். இதற்காக அமெரிக்க அரசு 1950-ல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. கடவுச்சீட்டு இல்லாமல் வெளிநாடு போக முடியாது. 1958-ல்தான் அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

ராப்சன் பாடிய ஒரு பாட்டு மிகவும் புகழ் பெற்றது. அமெரிக்காவில் மிசிசிப்பி என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளி ஆற்றைப் பார்த்துப் பாடுவதுபோல அமைந்தது. 1927-ல் ஒரு மேடை நாடகத்துக்காக வேறு இருவர் உருவாக்கிய பாட்டு அது. அதில் சோர்வு இருந்தது. ராப்சன் பின்னாளில் சில சொற்களை மாற்றினார். சோர்வுப் பாட்டு போராட்டப் பாட்டு ஆயிற்று.

பூபேன் அதைக் கேட்டார். தன் ஊர் ஆற்றை நினைத்தார். பிறகு அசாமிய மொழியில் ஒரு பாட்டு எழுதினார். கரையில் இத்தனை மக்கள் துன்பப்படும்போது நீ எப்படிச் சும்மா ஓடுகிறாய் என்று கிழவர் லூயித்திடம் கோபமாகக் கேட்கிற பாட்டு அது. அதே பாட்டை வங்க மொழியில் பாடினார். இந்தியில் பாடினார். அந்த மொழிகளில் லூயித் போய்க் கங்கை வந்தது. கேள்வி மாறவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அந்த அமெரிக்கப் பாட்டை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. விதையை மட்டும் கொண்டுவந்தார். மண்ணும் தண்ணீரும் தன் ஊருடையவை. மற்றவர் பாட்டைக் காப்பி அடிப்பதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

வேலையை விட்டார்

1953-ல் நாடு திரும்பினார். கவுகாத்திப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், மதிப்பு எல்லாம் உள்ள வேலை. அதே நேரத்தில் இந்திய மக்கள் நாடக மன்றத்தோடும் சேர்ந்து பாடிவந்தார். பல்லக்குத் தூக்கிகளைப் பற்றி ஒரு பாட்டு எழுதியது இந்தக் காலத்தில்தான். பெரிய மனிதர்கள் பட்டு உடுத்திப் பல்லக்கில் அமர்ந்திருக்கிறார்கள். தூக்குகிறவர்களின் தோள் தேய்கிறது. தூக்குகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல துணி இல்லை. மலை ஏறும்போது மூச்சு வாங்குவதுபோலவே அந்த மெட்டு ஏறி இறங்கும். மொழி தெரியாதவர் கேட்டாலும் சுமை தெரியும்.

சில ஆண்டுகளில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார். கல்கத்தா போய்ப் பாட்டையும் சினிமாவையுமே பிழைப்பாக எடுத்துக்கொண்டார். காலையில் நடவு, நடுவில் அடுப்படி, மாலையில் கல்வி மையம் என்று ஓடுகிறவர்களுக்கு இது புரியும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். அவரும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவில்லை. சம்பளத்தை விட்டார்.

1956-ல் 'ஏரா பாட்டர் சுர்' என்ற முதல் படத்தை இயக்கினார். 1961-ல் 'சகுந்தலா', 1964-ல் 'பிரதித்துவனி', 1966-ல் 'லட்டிகட்டி' வந்தன. இயக்கம் அவரே. இசை அவரே. 'ஆமார் பிரதிநிதி' என்ற மாத இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் படங்கள் சிலவற்றுக்கு விருது கிடைத்தது. ஆனால் இன்று அவற்றைப் பார்த்தவர்கள் குறைவு. மக்கள் மனத்தில் நிற்பவை பாட்டுகள்தான். படம் எடுத்த காலத்தில் இன்னும் நூறு பாட்டு எழுதியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அவருடைய நல்ல பாட்டுகள் சில பிறந்ததே சினிமாவுக்காகத்தான். அவருடைய வேலைகளைத் தனித்தனியாக எடை போடுவது கடினம்.

இரண்டு உழவர்களின் பாட்டு

1960-ல் அசாமில் ஆட்சிமொழி எது என்பதில் சண்டை வந்தது. அசாமிய மொழி பேசுவோருக்கும் வங்க மொழி பேசுவோருக்கும் இடையே கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பகைவர் ஆனார்.

அந்த நேரத்தில் பூபேன் வீட்டில் உட்காரவில்லை. வங்க மொழிப் பாடகர் ஹேமாங்க விசுவாசும் இவரும் சேர்ந்து ஒரு கலைக்குழு அமைத்தார்கள். கலவரம் நடந்த பகுதிகளுக்கே போனார்கள். இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு உருவாக்கினார்கள். அதில் இரண்டு உழவர்கள் வருகிறார்கள். ஒருவர் பெயர் ஹாராதன். அவர் வங்க மொழி பேசுவார். மற்றவர் பெயர் ரங்மன். அவர் பேசுவது அசாமிய மொழி. ஒரே பாட்டில் இரண்டு மொழியும் வரும். இருவர் படும் பாடும் ஒன்றுதான் என்பது கேட்பவருக்குத் தானாகத் தெரியும்.

பாட்டு கலவரத்தை நிறுத்திவிட்டது என்று சொன்னால் அது பொய். காவலர்களும் ராணுவமும் வந்தார்கள். ஆனால் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்டார்கள். அந்த ஆண்டில் அது சின்னச் செய்தி அல்ல. கூட்டத்திலிருந்து யாராவது கல் எறிந்திருந்தால்? அந்த ஆபத்து இருந்தும்தான் போனார்கள்.

அறியாப் பருவத்தில் "புதிய அசாம்" என்று பாடிய பையன் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் பாருங்கள். தன் மொழிக்காரர் ஒருபுறம் நிற்கும்போது நடுவில் போய் நின்றார். பின்னர் மனிதருக்காக மனிதர்தான் சிந்திக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு பாட்டு எழுதினார். அவர் பாட்டுகளில் மிக அதிகமாக மொழிபெயர்க்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. 1971-ல் வங்கதேசம் பிறந்தபோது அந்தப் புதிய நாட்டை வாழ்த்தியும் பாடினார். முதலில் ஊர், பிறகு மாநிலம், பிறகு எல்லை தாண்டிய மக்கள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஆனால் சொல் எளிமையாகவே இருந்தது. மெட்டும் பெரும்பாலும் பிகு ஆட்டத்திலும் போர்கீத்திலும் படகுப் பாட்டிலும் கேட்ட மெட்டுதான்.

சட்டமன்றத்தில் பாடகர்

1967-ல் நவோபைச்சா தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். 1972 வரை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். கவுகாத்தியில் அரசுத் திரைப்பட நிலையம் அமையப் பாடுபட்டார். அதற்கு 'ஜோதி சித்ரபன்' என்று பெயர். பெயரில் இருக்கும் ஜோதி யார் என்று உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் படம் எடுத்துப் பணம் இழந்த அதே ஆசான்தான்.

பல ஆண்டுகள் கழித்து 2004-ல் பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராகக் கவுகாத்தியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். தோற்றார். பாட்டுக்காக அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் அது. பாட்டுக்குக் கைதட்டுவது வேறு, வாக்குப் போடுவது வேறு என்று மக்கள் பிரித்துப் பார்த்தார்கள். எழுத்தறிவு பெற்றவர்களும் பெறாதவர்களும் இதில் ஒன்றுபோலவே தெளிவாக இருந்தார்கள்.

ஒரு மெட்டின் 30 ஆண்டுப் பயணம்

இத்தனை வேலைகளுக்கு அவருக்கு எப்படி நேரம் போதியது? அவர் ஒரு வேலையில் விளைந்ததை இன்னொரு வேலையில் விதைத்தார். இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

1960-களில் 'மணிராம் தேவான்' என்று ஓர் அசாமியப் படம் வந்தது. மணிராம் தேவான் ஆங்கிலேயரை எதிர்த்ததற்காக 1858-ல் தூக்கிலிடப்பட்டவர். அந்தப் படத்துக்கு பூபேன் இசை அமைத்தார். நெஞ்சு படபடக்கும் ஓசையே சொல்லாக வரும் ஒரு பாட்டு அதில் இருந்தது. அசாமுக்கு வெளியே அதை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை.

ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து, 1993-ல், 'ருதாலி' என்ற இந்திப் படம் வந்தது. மகாசுவேதா தேவியின் கதை. இயக்கியவர் கல்பனா லாஜ்மி. பணக்காரர் வீட்டுச் சாவில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் ஏழைப் பெண்களின் கதை அது. நடப்பது ராஜஸ்தான் பாலைவனத்தில். அந்தப் படத்துக்கு பூபேன் அந்தப் பழைய மெட்டை எடுத்துக் கொடுத்தார். இந்திச் சொற்களை குல்சார் எழுதினார். மழையும் வெள்ளமும் உள்ள ஊரில் பிறந்த மெட்டு, தண்ணீரே இல்லாத மணல்காட்டில் போய் ஒரு பெண்ணின் துயரமாக மாறிவிட்டது. நாடு முழுவதும் அந்தப் பாட்டைக் கேட்டது.

நல்ல விதை நெல்லைப் பானையில் போட்டுக் காப்பாற்றி வைப்பதுபோல அவர் மெட்டுகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

இதற்கு முன்பே, 1975-ல் வந்த 'சமேலி மேம்சாப்' என்ற அசாமியப் படத்தின் இசைக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்திருந்தது. 1992-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. இந்திய சினிமாவில் அதுதான் மிக உயர்ந்த விருது. 1993-ல் அசாம் சாகித்திய சபை என்ற இலக்கிய அமைப்பு அவரைத் தலைவராக்கியது. 1998 முதல் 2003 வரை சங்கீத நாடக அகாதெமியின் தலைவராக இருந்தார். மற்ற விருதுகளின் பட்டியல் நீளம். அதை விட்டுவிடலாம்.

நாடோடி

தன்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார்? அதையும் பாட்டாகவே எழுதி வைத்தார். அதில் தன்னை 'ஜாஜாபர்' என்கிறார். நாடோடி என்று பொருள். லூயித்தின் கரையிலிருந்து மிசிசிப்பிக்கும் ரஷ்யாவின் வோல்காவுக்கும் போய் வந்த கதையைச் சொல்கிறார். வானத்தைத் தொடும் கட்டடங்களையும், அவற்றின் நிழலில் வீடில்லாமல் கிடக்கும் மக்களையும் பார்த்ததாகச் சொல்கிறார். ஊர் சுற்றியதில் அவருக்குப் பெருமை இருக்கிறது. ஆனால் பார்த்ததை மறக்க முடியாத வலியும் இருக்கிறது.

நாடோடிக்கு வீடு அமைவது கடினம். 1950-ல் அமெரிக்காவில் அவருக்குத் திருமணம் நடந்தது. ஒரு மகன் பிறந்தார். சில ஆண்டுகளில் கணவனும் மனைவியும் தனித்தனியே வாழத் தொடங்கினார்கள். கல்கத்தா, கவுகாத்தி, பம்பாய் என்று அவர் வாழ்க்கை ஓடியது. பாட்டு, படம், பயணம் எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று பின்னத் தெரிந்தவருக்கு வீட்டை அந்தப் பின்னலில் சேர்க்க முடியவில்லை. புகழ் பாடும் புத்தகங்கள் பல இதைத் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போகத் தேவையில்லை. அவர் கொடுத்த விலையில் அதுவும் சேர்ந்தது.

அசாம் மக்கள் அவரை 'பூபேன்தா' என்றே கூப்பிட்டார்கள். 'தா' என்றால் அண்ணன். தலையில் நேபாளத் தொப்பி, முன்னால் ஓர் ஆர்மோனியம். அந்த உருவம் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

2011 நவம்பர் 5 அன்று மும்பையில் காலமானார். வயது 85. உடலைக் கவுகாத்திக்குக் கொண்டுவந்தார்கள். இலட்சக்கணக்கான மக்கள் வரிசையில் நின்றார்கள். கூட்டம் தீராததால் இறுதிச் சடங்கைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நவம்பர் 9 அன்று, அவர் ஒருகாலத்தில் பாடம் நடத்திய பல்கலைக்கழகத்தின் அருகே தகனம் நடந்தது. 2019-ல் அவருக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டது.

சதியாவுக்கு நெடுங்காலம் மக்கள் பெரும்பாலும் படகில்தான் போய்வந்தார்கள். வெள்ளக் காலத்தில் படகும் ஓடாது. பிரசவ வலி வந்தாலும் காத்திருக்க வேண்டும். 2017 மே 26 அன்று அங்கே லோகித் ஆற்றின் மேல் ஒரு பாலம் திறக்கப்பட்டது. நீளம் 9.15 கிலோமீட்டர். ஒரு கரையில் தோலா, மறுகரையில் சதியா. பாலத்துக்குப் பூபேன் ஹசாரிகாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். லாரிகளும் பேருந்துகளும் இப்போது மழைக்காலத்திலும் ஆற்றைக் கடக்கின்றன.

கூடிப் பேசுங்கள்

பூபேன் ஹசாரிகா ஆசிரியர் வேலையை விட்டது சரியா? வீட்டில் வருமானம் குறைவாக உள்ள ஒருவர் அப்படிச் செய்ய முடியுமா?

உங்கள் ஊரில் தெம்மாங்கு, ஒப்பாரி, கும்மி பாடுகிறவர் யார்? அவர் வேறு என்னென்ன வேலை செய்கிறார்? பாட்டுக்கு அவருக்கு நேரம் எப்போது கிடைக்கிறது? அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

இரண்டு தெருவுக்குச் சண்டை வந்தால் நடுவில் போய்ப் பாட உங்கள் குழு துணியுமா? என்ன பாட்டு பாடுவீர்கள்?

உங்கள் ஊர் ஆற்றிடமோ ஏரியிடமோ நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வி என்ன? அதை நான்கு வரியில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த ஒரு மெட்டில் பாடிப் பாருங்கள்.